இரண்டு முறை ஓடிய ரோல்

1

இந்தக் கதை என் வீட்டுக் கூரை வழியாக வந்தது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நான் குடியிருப்பது இரண்டாவது மாடி. எனக்கு மேலே ஓர் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். என் எழுத்து மேசைக்கு நேர் மேலே அக்காவின் கட்டில். காலையில் நான் முதல் வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஒரு குரல் வெடிக்கும்: "போலாம் ரைட்!" கூடவே சுவரில் இரண்டு தட்டு. உடனே தங்கை கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்குவாள். அவள் போய்விடுவாள். என் வரி அங்கேயே நிற்கும்.

அக்கா பஸ் கண்டக்டராக இருந்தவர். தங்கை தெருமுனை ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் சைஸ் படம் எடுப்பவள். தெருக்காரர்களுக்கு அவள் 'கேமராக்கா'. அக்காவுக்கு 'சின்னவ'. அக்காவுக்குத் தங்கை வைத்திருந்த பெயர் 'தலைமையகம்', உத்தரவெல்லாம் அங்கிருந்துதான் வரும் என்பதால்.

என் மேசையில் நகராத ஏதோ ஒன்று மேல்மாடியில் தினமும் புறப்பட்டுப் போகிறதே என்ற பொறாமையில்தான் இதை எழுத ஆரம்பித்தேன். இப்போது பொறாமை போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. வியப்பு என்று சொன்னால் கொஞ்சம் சின்னதாகத் தெரிகிறது. வேறு சொல் கிடைக்கும்வரை அதையே வைத்துக்கொள்வோம்.

2

முதல் தொடக்கம் இது:

அழகைத் தேடி அவள் நாள்தோறும் விடியற்காலையில் தன் கேமராவுடன்

இதை அவளிடமே படித்துக் காட்டினேன். ஸ்டூடியோவில் ஒருவருக்கு மோவாயை நிமிர்த்திவிட்டுக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"அழகத் தேடி யாரு சார் போனா?"

"போட்டோ எடுக்கறவங்க அதுக்குத்தானே போவாங்க?"

"பச்சைக் கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு அக்கா பாத்துட்டு வரச் சொன்னா. போனேன். அழகா இருந்தா அது அதோட சமத்து."

ஸ்டூலில் இருந்தவர், "கண்ண மூடிக்கலாமாம்மா? எரியுது" என்றார்.

"ஐயோ, மூடாதீங்க! ஒருத்தர மூட விட்டுட்டு நான் பட்டது போதும்."

அவள் என்ன பட்டாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்:

இந்த நகரம் ஒரு புத்தகம் என்றால் அதன் பக்கங்களை

(இதை யாரிடமும் காட்டவில்லை. எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனாலும் அடிக்காமல் விட்டிருக்கிறேன். எழுதுகிறவன் எங்கெல்லாம் வழுக்கி விழுகிறான் என்று வாசிக்கிறவர்களுக்கும் தெரியட்டுமே.)

மூன்றாவது தொடக்கம்தான் நின்றது. அதில் அழகும் இல்லை, புத்தகமும் இல்லை. ஒரு ஜன்னல் மட்டும் இருந்தது.

3

அக்காவின் கால்கள் ஓய்ந்தபோது அவருக்கு மிஞ்சியது ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும். ஜன்னலுக்கு எதிரே கை நீட்டினால் தொடும் தூரத்தில் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். சுவரில் கழிவுநீர்க் குழாய்கள். அவ்வளவுதான் காட்சி.

நரம்பு சம்பந்தப்பட்ட வியாதி. முதலில் கால், அடுத்தது கை, கடைசியில் முகம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். முகம் இறுகிப்போனால் சிரிப்பும் வராது, அழுகையும் வராதாம். "முண்டியடிக்காம வரிசைல ஏறுது பாரு, என் வண்டில இப்படி ஒருத்தன் ஏறியிருப்பானா?" என்று அக்கா சொன்னார். தங்கை சிரிக்கவில்லை. நான் சிரித்துவிட்டு, பிறகு என்னை நானே நொந்துகொண்டேன்.

ஒரே வழித்தடத்தில் வேலைக் காலம் முழுக்க ஓடியவர். ஆனால் ஒருநாளும் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததில்லை. நீட்டுகிற கைக்கும் டிக்கெட் கிழிக்கிற கைக்கும் நடுவில், ஏதாவது ஒரு ஜன்னலில் ஏதாவது ஒன்று சட்டென்று தெரியும், மறைந்துவிடும். பாதி திறந்த கதவு, மாடியில் மஞ்சள் தொட்டி, சுவரில் போய் முட்டி நிற்கும் ஒரு படிக்கட்டு. முழுசாகப் பார்க்காமல் விட்டதெல்லாம் கட்டிலில் படுத்ததும் ஒவ்வொன்றாக வந்து அவரைப் பிடித்துக்கொண்டன.

"சின்னவளே, தண்ணித்தொட்டி ஸ்டாப் தாண்டினதும் ஒரு பச்சைக் கதவு. எப்பவும் பாதி திறந்திருக்கும். உள்ள வெள்ளையா என்னமோ மின்னும். என்னன்னு பாத்துட்டு வா."

"உள்ள விடலன்னா?"

"நான் அனுப்பினேன்னு சொல்லு."

"நீ யாருன்னு கேட்டா?"

"கேப்பாங்களா? என் வண்டில ஏறாமயா இருந்திருப்பாங்க?"

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஸ்டூடியோ திறப்பதற்கு முன் அக்கா சொன்ன இடத்துக்கு ஒரு நடை. பெரிய பயணமெல்லாம் இல்லை, எல்லாம் பஸ் போகிற தூரம்தான்.

பச்சைக் கதவுக்குப் பின்னால் பல் செய்கிற பட்டறை இருந்தது. பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல்வரிசை செய்து அனுப்புகிறவர்கள். கதவைத் தள்ளியதும் எதிர்ச்சுவர் முழுக்கத் தட்டுகள், தட்டுகள் முழுக்கப் பற்கள், காலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. வேலை செய்தவர்கள் எல்லோரும் முகமூடி போட்டிருந்தார்கள். அந்த அறையில் சிரித்துக்கொண்டிருந்தது சுவர் மட்டும்தான். போட்டோக்காரி கேமராவைத் தூக்க மறந்து நின்றிருக்கிறாள். "என்னம்மா வேணும், மேல் செட்டா கீழ் செட்டா?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் நினைவு வந்ததாம்.

அந்தப் படத்தைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பில் என் மேசை விளக்கு ஆடியது. "இத்தன வருஷமும் என்னப் பாத்து இவ்ளோ பேரு சிரிச்சிருக்காங்க. நான் ஒரு தடவகூட திருப்பிச் சிரிக்கலியே!"

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஸ்டூடியோவில் அவளிடம் இருப்பது டிஜிட்டல் கேமரா. காலை நடைக்கு மட்டும் பழைய ஃபிலிம் கேமரா. ஏன் என்று கேட்டேன். "அதுல எடுத்தா உடனே பாக்க முடியாது சார். கழுவற வரைக்கும் என்ன வந்திருக்குன்னு தெரியாம ஒரு பயம் இருக்கும்ல, அது எனக்கு வேணும்" என்றாள்.

 இன்னொன்று: அக்காவுக்கு நான் ஒரு புத்தகம் இரவல் கொடுத்தேன். பிடித்த பக்கங்களில் மூலையை மடித்து வைத்திருந்தேன். திரும்பி வந்தபோது ஒரு மடிப்புகூட இல்லை. எல்லாவற்றையும் கட்டைவிரலால் நீவி நேராக்கியிருந்தார். கண்டக்டர் பழக்கம். மடங்கிய நோட்டும் சுருண்ட டிக்கெட்டும் கைக்கு வந்தால் அந்த விரல் தானாக நீவிவிடும். பேசிக்கொண்டே நீவும், தூங்கிக்கொண்டேகூட நீவும் என்று தங்கை சொல்வாள். எனக்குப் பிடித்த இடங்கள் எவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. (இதை மறந்துவிடாதீர்கள். நான் பிறகு இங்கே திரும்பி வருவேன்.)

4

இந்தக் கதையில் ஒருவர்மேல் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதலில் அவர் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன்.

அன்றைய உத்தரவு படிக்கட்டு. மேம்பாலத்தை ஒட்டிய கட்டடம் ஒன்றின் வெளிச்சுவரில் இரும்புப் படி மேலே ஏறும், உச்சியில் கதவு கிடையாது, வெறும் சுவர். எதற்காக இருக்கிறது என்று அக்காவுக்கு வருஷக்கணக்கில் குடைச்சல். போட்டோக்காரி போனாள். கீழே காவல்காரர் வழிமறித்தார்.

"எங்கம்மா ஏற? மேல ஒண்ணும் கிடையாது."

"அதத்தாங்க பாக்கணும்."

அவர் யோசித்தார். அதற்கு மறுப்புச் சொல்ல அவருக்கு எதுவும் தோன்றவில்லை போலிருக்கிறது. விட்டுவிட்டார்.

மேலே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இரும்புத் தட்டு. அதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில், துடைப்பத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, அந்தக் கட்டடத்தைப் பெருக்குகிற அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். பாலம் அந்த இடத்தில் உயர்ந்து வருவதால் பஸ் ஜன்னல்கள் அந்தத் தட்டுக்கு நேராக வந்து வந்து போயின. முகங்கள், முகங்கள், முகங்கள். ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"இங்க ஒக்காந்து பஸ்ஸையா பாப்பீங்க?" என்று கேட்டாள்.

"ஆமா. ஒரு கண்டக்டரம்மா வருவாங்க. ஒரு கையால கம்பியப் புடிச்சிக்கிட்டு யாரையாவது திட்டிக்கிட்டே போவாங்க. அவங்க வண்டி போச்சுன்னா எனக்கு டீ நேரம். கடியாரமே பாக்க மாட்டேன்." அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்ச நாளாக் காணோம். நல்லாருக்காங்களான்னு யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியல."

போட்டோக்காரி படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்கக்காதான்" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது சந்தேகத்துக்கு வருகிறேன். இவ்வளவு பெரிய ஊரில், இத்தனை ஜன்னல்களில், சரியாக அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தர் அங்கே உட்கார்ந்திருப்பாரா? கதைக்குத் தோதாக இருப்பதே எனக்கு உறுத்தியது. சரிபார்க்க நானே போனேன். காவல்காரர் என்னிடமும் மேலே ஒன்றுமில்லை என்றார். மேலே நாற்காலி இருந்தது. அதன்மேல் துடைப்பம் மட்டும் இருந்தது. அம்மாள் இல்லை. நான் உட்கார்ந்தேன். பஸ் ஒன்று வந்தது. உள்ளே கம்பியைப் பிடித்துக்கொண்டு யாரோ ஒரு கண்டக்டர். என்னைப் பார்க்காமலே போய்விட்டார். சந்தேகத்தை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

5

போட்டோக்காரி கண்ணை மூட விட்டுப் பட்டது இதுதான். தொழில் கற்ற புதிதில், அக்காவுக்கு வேலை கிடைத்தபோது, அடையாள அட்டைப் படத்தை அவள்தான் எடுத்தாள். சொடுக்கிய நொடியில் அக்கா இமைத்துவிட்டார். படத்தில் பாதி மூடிய கண். மறுபடி எடுக்க நேரமில்லாமல் அதையே கொடுத்தார்கள். வேலைக் காலம் முழுக்க அக்கா அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தார். டிப்போவில் அவருக்கு 'தூங்குமூஞ்சி அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒரு நாள் இரண்டு சத்தியம் செய்தார்: தங்கையோடு பேச்சை நிறுத்துவது, தங்கையின் கேமரா முன் இனி நிற்பதில்லை. முதலாவது சாயங்காலமே காற்றில் போயிற்று. இரண்டாவதைக் கல்லில் செதுக்கினமாதிரி காப்பாற்றினார். வீட்டில் அக்காவின் படம் ஒன்றுகூட இல்லை. போட்டோக்காரி வீட்டில்!

படிக்கட்டுப் படத்தைப் பார்த்து அக்கா சிரிக்கவில்லை. வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி, அம்மாள், அவர் முகத்துக்குப் பின்னால் ஓடிக் கலங்கிய பஸ்.

"யாரோ ஒருத்தங்க என்னப் பாத்துட்டே இருந்திருக்காங்க. நான்தான் திரும்பிப் பாக்கல." பிறகு, தங்கையைப் பார்க்காமல், "சரி, எடு" என்றார்.

"என்ன எடுக்க?"

"என்னத்தான். கையும் மூஞ்சியும் நம்ம சொன்ன பேச்சக் கேக்கறப்பவே எடுத்துரு. ஒரே ஒரு ரோல். அப்புறம் இன்னொரு தடவைன்னு வந்து நின்னா கேமராவ ஜன்னல் வழியா விட்டெறிவேன்."

அதற்கு ஓர் அவசரமும் இருந்தது. வெளியூரில் இருக்கும் அக்காவின் மகன் தரைத்தள வீடு பார்த்திருந்தான். வாசல் நேராகத் தெருவில் திறக்குமாம். அம்மாவை அழைத்துப் போக வருவதாகச் சொல்லியிருந்தான்.

அன்று மதியம் அக்கா சீருடைச் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான்களைத் தானே போட்டார், நேரமானாலும் யாரையும் தொட விடவில்லை. போட்டோக்காரி அந்த அறையின் மங்கல் வெளிச்சத்தில் முகத்தை எடுத்தாள், காலரை எடுத்தாள், போர்வைமேல் கிடந்த கைகளை எடுத்தாள். இந்த முறை ஒவ்வொரு தடவையும், "கண்ணு, கண்ணு!" என்று கத்தினாள். கீழே என் மேசைவரை கேட்டது.

6

கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ரோல் முடிந்ததும் ஃபிலிமை அதன் டப்பாவுக்குள் திருப்பிச் சுருட்டுவார்கள். போட்டோக்காரி முழுக்கச் சுருட்ட மாட்டாள். நுனி கழன்று வரும் சின்னத் தளர்வு விரலுக்குத் தெரிந்ததும் நிறுத்திவிடுவாள். நுனி நாக்குமாதிரி வெளியே நிற்கும், கழுவும்போது இழுக்கச் சுலபம். ஆனால் புது ரோலிலும் நுனி அப்படித்தான் நிற்கும். வித்தியாசம் தெரிவதற்காக எடுத்த ரோலின் நுனியை ஒரு மடிப்பு மடித்து வைப்பாள். மடித்திருந்தால் எடுத்தது. நேராக இருந்தால் புதுசு. தவறிப்போய் எடுத்த ரோலையே மறுபடி ஓட்டினால், பழைய படத்தின்மேலேயே புதுப் படம் விழுந்து இரண்டும் கெடும்.

அக்காவின் ரோலையும் மடித்தாள். அக்காவின் சட்டையைக் கழற்ற உதவி செய்வதற்காக அதைப் போர்வைமேல் வைத்தாள்.

(போர்வைமேல். அக்காவின் கைப்பக்கம். அடிக்குறிப்புகளை யாரும் படிப்பதில்லை என்பார்கள். நீங்கள் படித்திருந்தால் அந்தக் கட்டைவிரல் இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும்.)

மறுநாள் காலை உத்தரவு: "டெர்மினஸ். நம்ம ரூட்டோட கடைசி. நான் அங்க எறங்கினதுமே கணக்கெழுத ஓடிருவேன். ஒருநாளும் நின்னு பாத்ததில்ல. போலாம் ரைட்!" அவசரத்தில் கட்டிலோரம் கிடந்த ரோலை எடுத்தாள். நுனி நேராக இருந்தது. புதுசு. அக்காவின் ரோலை நேற்றே பைக்குள் போட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

டெர்மினஸில் அன்று அவளுக்கு எல்லாமே கைகூடி வந்தது. பஸ்களைக் கழுவுகிற இடத்தில் தண்ணீர் ஆளுயரத்துக்குச் சீறியது. வெயில் அதற்குள் புகுந்து வந்தது. "தள்ளும்மா, நனைஞ்சிருவ!" என்று ஒரு டிரைவர் விரட்டினார். அக்காவின் பெயரைச் சொன்னாள். "தூங்குமூஞ்சி அக்கா தங்கச்சியா? ஏய், தண்ணிய நிறுத்துப்பா, தங்கச்சி படம் எடுக்கட்டும்!" இருண்ட பஸ் கொட்டகையின் வாயை எடுத்தாள். மேட்டிலிருந்து இறங்கி வளைந்து வரும் சாலையை எடுத்தாள். ரோல் தீர்ந்தது. அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டினாள். தளர்வு தெரிந்ததும் நிறுத்தினாள். மடிப்பதற்காக நுனியைப் பிடித்தாள்.

மடிக்கப் போன இடத்தில் ஏற்கனவே ஒரு மடிப்பு இருந்தது. மெல்லிய வெள்ளைக் கோடு. யாரோ மடித்து, யாரோ நீவி

(இந்த வரியை முடிக்க என்னால் ஆகவில்லை. அவளும் முடிக்கவில்லை. என்னிடம் இதைச் சொன்னது எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டுதான். இந்த இடம் வந்ததும் கட்டைவிரலைக் காற்றில் இப்படி ஓட்டிக் காட்டினாள். பிறகு அழுதாள்.)

7

இந்த இடத்தில் கதை எனக்கு நின்றுபோயிற்று, ஏனென்றால் அவள் நின்றுவிட்டாள். ரோலைக் கழுவவில்லை. கழுவாதவரை அது கெட்டுப்போகவில்லை என்று ஒரு நப்பாசை. மேலே அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"கழுவிட்டியா?"

"கழுவற மருந்து தீந்துபோச்சுக்கா."

"மருந்து கடைல கிடைக்காதா? எனக்கு மாசாமாசம் கிடைக்குதே."

படியில் என்னைப் பிடித்து நிறுத்தி அவள் கேட்டாள்: "நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? கதையில?"

"அக்கா கிட்ட உண்மையச் சொல்ற மாதிரி எழுதுவேன்."

"சொல்லிட்டு? அந்த விரல் ஒண்ணுதான் சார் அவளுக்கு இன்னும் வேலைல இருக்கு. மத்ததெல்லாம் ரிட்டையர் ஆயிருச்சு. அதுவே கெடுத்துச்சுன்னு எப்படிச் சொல்லுவேன்?"

நான் ஒரு படி இறங்கினேன்.

"தனியாக் கழுவப் பயமா இருக்கு. வர்றீங்களா?" என்றாள்.

8

ஸ்டூடியோவை மதியம் சாத்திவிட்டுக் கழுவினோம். கழுவினோம் என்பது என் கற்பனை. அவள் கழுவினாள், நான் கதவருகே நின்று வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரம் சொட்டும் ஃபிலிமைத் தூக்கி டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். எனக்குச் சாம்பல் அழுக்காகத்தான் தெரிந்தது. அவளுக்கு நெகட்டிவ் படிக்கத் தெரியும். பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். பாஸ்போர்ட் சைஸ் ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சா?"

ஃபிலிம் காய்ந்ததும் ஸ்கேன் செய்து, தினமும் தலைகளாக வந்து போகிற கம்ப்யூட்டர் திரையில், ஒவ்வொன்றாகப் போட்டாள்.

முதல் சில படங்கள் போய்த்தான் இருந்தன. டெர்மினஸின் வெளுத்த வானம் அக்காவைத் தின்றுவிட்டிருந்தது. ஒரு படத்தில் காது மட்டும் மிஞ்சியிருந்தது. ஒன்றில் பாதி முகம், மீதியில் ஒரு கம்பம்.

பிறகு பஸ் கொட்டகை வந்தது. வெளிச்சம் படாத இடத்தில் முதலில் எடுத்தது அப்படியே தங்கிவிடும் என்று பிறகு விளக்கினாள். அந்த நிமிடம் விளக்கம் எதுவும் எங்களிடம் இல்லை. கொட்டகையின் கருத்த வாய் முழுவதும் அக்காவின் முகம். கூரை உயரத்துக்கு. கண்கள் நன்றாக, அகலமாகத் திறந்திருந்தன. மோவாய்க்குக் கீழிருந்து பஸ்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டு வெயிலுக்கு வந்துகொண்டிருந்தன. தண்ணீர் அவர் கன்னத்தில் சீறியது. டிரைவர் ஒருவர் அவருடைய காலரில் சாய்ந்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நான் திரையைவிட்டு நகராமல் நின்றேன். படங்களைப் பார்த்து அப்படி நின்றதில்லை. மலையைப் பார்த்தும் கடலைப் பார்த்தும் நின்றிருக்கிறேன், அது வேறு. அவை எப்போதும் அங்கேயே இருப்பவை. இது, ஒரு விரல் நழுவியிருந்தால் வந்திருக்காது.

கடைசிக்கு முந்தின படம்: மேட்டிலிருந்து வளைந்து இறங்கும் சாலை, புதிதாகத் தார் போட்டது, கருப்பு. அதன்மேல் அக்காவின் கை. கட்டைவிரல் சரியாக அந்த வளைவின்மேல் இருந்தது. சாலையை நீவி நேராக்கப் போவதுபோல.

(இது நான் இட்டுக்கட்டியது அல்ல. நானாக எழுதியிருந்தால் அடித்திருப்பேன், இவ்வளவு பொருத்தம் கதைக்கு ஆகாது என்று.)

"இத நான் எடுக்கல சார்" என்றாள். குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

"பின்ன?"

"அக்காவ நான் எடுத்தேன். டெர்மினஸயும் நான்தான் எடுத்தேன். இத யாரு எடுத்தாங்கன்னு தெரியல."

திரையை அணைத்துக்கொண்டே, "சும்மா ஒரு முகம், பின்னாடி ஒண்ணும் இல்லாம, எனக்குன்னு ஒண்ணு வேணும்னு நெனச்சேன். அது இதுல இல்ல" என்றாள். அதுவும் உண்மை. வியப்பில் நான் அதை மறந்துவிட்டிருந்தேன்.

9

முடிவுக்கு மூன்று வரைவுகள் வைத்திருந்தேன்.

அ. அவள் உண்மையைச் சொல்கிறாள். அக்கா தன் விரலைப் பார்த்து

ஆ. வேண்டுமென்றே இப்படி எடுத்தேன், இது ஒரு புது உத்தி என்று சொல்கிறாள். அக்கா நம்பி

(அக்கா நம்புவதா! சில்லறை இல்லை என்று பொய் சொல்கிறவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்தவர்.)

இ. படத்தைக் காட்டுவதே இல்லை. அக்கா போய்விடுகிறார்.

மூன்றையும் ஓரம் வைத்துவிட்டு, நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். மகன் வந்த காலை நான் அங்கே இருந்தேன். அக்காவை நாற்காலியோடு தூக்கிக் கீழே இறக்க இரண்டு ஆள் வேண்டும். மகன் ஒன்று, நான் ஒன்று.

பைகள் எல்லாம் கீழே போய்விட்டன. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதையும் கடைசியாக ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடுவதுபோல. போட்டோக்காரி படியேறி வந்தாள். கையில் உறை. உள்ளே கொட்டகைப் படமும் சாலைப் படமும். உறைக்குள் திணித்த அவசரத்தில் கொட்டகைப் படத்தின் மூலை மடங்கியிருந்தது.

அக்கா வாங்கிப் பார்த்தார்.

"நானா இது?"

"நீதான்."

"எங்க நிக்கறேன்?"

"டெர்மினஸ்ல."

"நான் போகவே இல்லியே."

"ஒரே ரோல ரெண்டு தடவ ஓட்டிட்டேன்க்கா. எடுத்த ரோலுக்கு நுனிய மடிச்சு வைப்பேன், தெரியறதுக்காக. அன்னிக்கு மடிக்க மறந்துட்டேன்." ஒரே மூச்சில் சொன்னாள், படியேறும்போதே பாடம் பண்ணியிருக்க வேண்டும். "என் தப்புதான். நல்ல படம் ஒண்ணுகூட மிஞ்சல. மன்னிச்சுரு."

அக்கா படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன்னுடைய பெரிய முகத்தை, திறந்த கண்களை, மோவாய்க்குக் கீழே புறப்படும் பஸ்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போது அவருடைய கட்டைவிரல், அதன் பாட்டுக்கு, படத்தின் மடங்கிய மூலைக்குப் போயிற்று. நீவத் தொடங்கியது.

பாதியில் நின்றது.

அக்கா மெதுவாகக் குனிந்து தன் விரலைப் பார்த்தார். போட்டோக்காரியும் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் நிமிர்ந்தது ஒரே நேரத்தில். மகன் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

பிறகு அக்கா தங்கையிடம் சொன்னார்:

"..............................................."

இல்லை, விட்டுப்போகவில்லை. அக்கா சொன்னது என் காதில் தெளிவாக விழுந்தது. கொஞ்சம்தான் சொன்னார். எழுதியும் பார்த்தேன். போட்டோக்காரி படித்துவிட்டு, "எல்லாத்தையும் எழுதிக்கோங்க சார், அத மட்டும் எங்க ரெண்டு பேருக்கும் விட்டுருங்க" என்றாள். ஆகவே அந்த இடம் இருட்டாகவே இருக்கிறது. இருட்டில்தான் இன்னொன்று தங்கும் என்று அவளிடமிருந்தே கற்றுக்கொண்டேன். உங்களுக்கும் ஓர் அக்காவோ தங்கையோ இருப்பார்கள், சொல்லாமல் விழுங்கிய ஒரு வரி இருக்கும். அதை அங்கே ஓட்டுங்கள்.

ஆனால் சீக்கிரம். மகன் முன்னால் பிடித்திருக்கிறான், நான் பின்னால். அக்கா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மூலை பாதி மடங்கியபடியே இருக்கிறது. முதல் படியில் நிற்கிறோம். அவர் கனம் ஒன்றும் அதிகமில்லை, ஆனாலும் கை கடுக்கிறது. "யாராவது சிக்னல் குடுங்கப்பா, வண்டி எவ்ளோ நேரம் நிக்கும்?" என்கிறார் அக்கா. மேலே வாசலில் போட்டோக்காரி கேமராவைத் தூக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் நிற்கிறாள்.

நீங்கள் அந்த வரியைச் சொல்லி முடித்ததும், பக்கத்தில் எந்தச் சுவர் இருக்கிறதோ அதில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். நாங்கள் இறங்குகிறோம்.